குழிக்கூலி

பன்னி விழுவதற்கு முன்பே
குழி வெட்டிவிடச் சொல்வார் வர்க்கிச்சன்.
விழுந்தபின் வெட்டினால் ஆள் கூடும்,
ஆள் கூடினால் தொடை காணாமல் போகும்.
நாலடி அகலம், ஆறடி ஆழம்.
தாளில் மலையாளத்தில் இருக்கிறது அளவு,
என் மண்வெட்டிக்கு மனப்பாடம்.

போன மாசியிலிருந்து பதினேழு குழி.
பதினேழின் மேலும் சீமெண்ணெய் ஊற்றியது நான்தான்.
யாரும் தின்றுவிடக் கூடாதாம்.
சோற்றுத் தட்டு வரைக்கும் அந்த வாடை வருகிறது.
செவந்தி சொல்வாள்:
பன்னிக்குப் போய்ட்டு வர்ற ஆளு மேல
கறி வாசமாச்சும் அடிக்கக் கூடாதா,
இதென்ன, லாந்தர் வாசம்.

வேலந்தாவளம் செக்போஸ்டுக்குத் தெற்கே
ஒரு பள்ளம் ஓடுகிறது, தண்ணீர் இருந்தால்.
இந்தக் கரையில் பன்னி வெள்ளாமையை அழிக்கிற மிருகம்,
பிரசிடெண்ட் கையெழுத்துப் போட்டால் சுடலாம்.
அந்தக் கரையில் அதே பன்னி கவர்மெண்ட் பிள்ளை.
கடலைக்காய்க்கு இரண்டு கரையிலும் ஒரே ருசி.

ரங்காத்தாள் காட்டில் மூன்று ராத்திரி உழுதிருந்தது.
தொலியை அள்ளிவந்து
பஞ்சாயத்து மேஜையில் கொட்டினாள்:
ஒரு பருப்பு வெச்சிருக்கா பாருங்க சாரே.
பழத்துக்குள் வெடி பொதிக்கத் தெரியாதவள் அல்ல.
போன வருஷம் வைத்ததைக் கடித்தது
அவளுடைய நாய்.

ராத்திரி இரண்டரை.
சோளத்தட்டுக்குள் டார்ச் போனது.
கண் இரண்டு. வெடி ஒன்று.
விழவில்லை.
தட்டுத் தட்டாகத் தெறித்த ரத்தம்
பள்ளத்தில் இறங்கி, அக்கரை ஏறி,
எல்லைக்கல்லுக்கு நாலு முழம் தள்ளி
படுத்திருந்தது. மூச்சு இருந்தது.

வர்க்கிச்சன் துப்பாக்கியை மடக்கினார்.
மிச்சத் தோட்டாவை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.
இனி தொட்டால் கேஸா, மாகாளி.
இந்தப் பக்கமே குத்தவைத்து
அது சாகிற வரை பார்த்தோம்.
ஒரு பீடி நேரம் என்று நினைத்தேன்,
மூன்று ஆனது.
டார்ச் அணைகிறபோதுதான் கண்டேன்,
காம்புகள் ஈரமாக.

பால் கொடுக்கிறதைச் சுடக் கூடாதென்று
அதே தாளில் இருக்கிறது, அடியில், பொடி எழுத்தில்.
அவரும் கண்டார்.
அப்புறம் கொஞ்ச நேரம்
அவர் செருப்பை அவரும் என் செருப்பை நானும்.

காலையில் அந்தப் பக்கத்து பாரஸ்ட் ஜீப் வந்து
கயிறு கட்டி ஏற்றிப்போனது.
இந்தப் பக்கத்து கிளார்க் சொன்னார்,
உடம்பு இல்லை, பில் இல்லை.
குழி வெட்டினேனே, என்றேன்.
குழிக்குள் என்ன இருக்கு, என்றார்.

சாயங்காலம் கேனை எடுக்கப் போனேன்.
குழிக்குள் மூன்று குட்டி.
அணில் மாதிரி முதுகில் கோடு,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி மண்ணை முட்டிக்கொண்டு.
விளிம்பைச் சுற்றி நரித்தடம்.
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
ஓரிடத்தில் உட்கார்ந்து யோசித்த புட்டத்தடம்.
கடலைக்கு வருகிறதென்று
நரிக்குக் குருணை வைத்தோம் ஒரு காலம்.
அந்தக் காலம் பன்னி இத்தனை இல்லை.
எப்படியோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

கையில் கேன், நிறைய.
பையில் தீப்பெட்டி.
ரங்காத்தாள் காடு கூப்பிடு தூரம்.

மோட்டார் ரூம் ஓரம் கிடந்த பலகையை இழுத்துவந்து
குழிக்குள் சாய்த்தேன்.
ஏறத் தெரிந்தால் ஏறட்டும்.

பாதி தூரம் வந்தபின்தான் உறைத்தது,
நரி இறங்கவும் அது படி.

நின்றேன்.
கேனை மறுகைக்கு மாற்றினேன்.
செக்போஸ்டில் தக்காளி லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாக
விளக்கை அணைத்து நின்றன.